எல்லைக்கல் நட்ட ஊரும் பால் காய்ச்சும் ஊரும்: ஊர்ப்பெயரைக் காப்பது எது?

1. கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் ஏறிய பதிவேடு சென்னை கிண்டியில் இருக்கிறது. அதே பதிவேட்டில் போர்ச்சுகல் நாட்டின் இரண்டு ஒயின் பெயர்களும் உள்ளன. ஒன்று ‘போர்ட்டோ’, மற்றொன்று ‘டோரோ’. முதலாவது ஒயின் கப்பலேறிய துறைமுக நகரத்தின் பெயர். அடுத்தது திராட்சை விளையும் பள்ளத்தாக்கின் வழியே ஓடும் ஆற்றின் பெயர். ஒயின் மது, பால்கோவா இனிப்பு. இரண்டிலும் ஒரே உரிமைதான் கோரப்படுகிறது: இந்தச் சுவை இந்த ஊருக்கு உரியது, வேறிடத்தில் செய்ததை இந்தப் பெயரில் விற்கக் கூடாது.

இந்த உரிமை எதன்மீது நிற்கிறது? மண்ணும் நீரும் தரும் குணத்தின் மீதா, பரம்பரையாக வந்த கைப்பக்குவத்தின் மீதா, பழமையின் மீதா? இல்லை, எல்லையை வகுத்து, அளவை விதித்து, மீறினால் தட்டிக்கேட்கும் ஓர் அமைப்பின் மீதா? நம்மூரில் பால்கோவாவைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் முதல் மூன்றையே பேசுகின்றன. டோரோவின் வரலாறு நான்காவதை நோக்கித் தள்ளுகிறது. அந்த வரலாற்றை ஸ்ரீவில்லிபுத்தூர்–இராஜபாளையம் வட்டாரத்தின் அருகில் வைத்துப் பார்த்தால், நாம் பெயரைப் பதிவு செய்துவிட்டு, அந்தப் பெயரைத் தாங்க வேண்டிய பாலைக் கணக்கில் எடுக்கத் தவறியிருக்கிறோம் என்பது தெரியும். இக்கட்டுரை நிறுவ முயல்வது அதைத்தான்.

2. டோரோவில் நடந்தது

டோரோ பள்ளத்தாக்குக்கு இன்று போகிறவர்கள் போர்ட்டோவில் ரயிலேறி ஆற்றங்கரையோடு கிழக்கே செல்கிறார்கள். பின்யாவ் நிலையத்தில் இறங்கினால், திராட்சை அறுவடைக் காட்சிகளை நீலவண்ண ஓடுகளில் தீட்டிய சுவர்கள் வரவேற்கும். இருபுறமும் மலைச்சரிவுகள் படிப்படியாக வெட்டப்பட்டு, சிலேட்டுப் போல் ஏடு ஏடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறையைக் கொண்டு சாந்து பூசாமல் அடுக்கிய சுவர்களால் தாங்கப்பட்டிருக்கின்றன. யுனெஸ்கோ 2001இல் இந்த நிலக்காட்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தோட்ட வீடுகளில் பயணிகளுக்குச் சிறு கண்ணாடிக் கோப்பைகளில் ஒயின் தருவார்கள். பல ஆண்டு மரப்பீப்பாயில் இருந்து பழுப்பேறிய டானி ஒருபுறம், சீசாவில் அடைத்து இருட்டில் முதிர்ந்த அடர்சிவப்பு விண்டேஜ் மறுபுறம். சில தோட்டங்களில் இன்றும் கருங்கல் தொட்டிகளில் ஆட்கள் வரிசையாகத் தோள்பிணைத்து நின்று பழத்தைக் காலால் மிதிக்கிறார்கள். இது பயணி காணும் டோரோ. கட்டுரைக்கு வேண்டியது அதன் பின்னாலிருக்கும் நிர்வாக வரலாறு.

1703இல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மெத்துவன் உடன்படிக்கை போர்ச்சுகீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த சுங்கத்தை உறுதி செய்தது. தேவை பெருகியது, கலப்படமும் பெருகியது. மெலிந்த ஒயினுக்கு நிறம் ஏற்ற எல்டர் மரத்தின் கறுப்புப் பழச்சாற்றைக் கலந்தார்கள். பெயர் கெட்டு விலை சரிந்தது. 1756 செப்டம்பர் 10 அன்று, பின்னாளில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்ட முதலமைச்சரின் முயற்சியால் ஓர் அரசு ஆதரவுக் கம்பெனி நிறுவப்பட்டது. அது செய்த முதல் வேலைகளில் ஒன்று எல்லை வகுப்பது. 1761க்குள் 335 கருங்கல் தூண்கள் நடப்பட்டன. ஏற்றுமதிக்கு ஏற்ற உயர்தர ஒயின் விளையும் நிலம் எது என்பதை அந்தத் தூண்கள் காட்டின. அவற்றில் பல இன்றும் தோட்டங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் நிற்கின்றன. எல்லைக்குள் எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கச் சொல்லி ஆணை போட்டார்கள். விளைச்சலைக் கூட்டித் தரத்தைக் குறைக்கும் என்பதால் கொடிகளுக்கு எரு இடுவதற்குக்கூடத் தடை விதித்தார்கள்.

உலகில் முதன்முதலில் எல்லை வகுக்கப்பட்ட ஒயின் வட்டாரம் டோரோ என்று சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. அப்படியே ஏற்க முடியாது. இத்தாலியின் கியாந்தி பகுதிக்கு 1716இலும் ஹங்கேரியின் டோக்காய் பகுதிக்கு 1737இலும் அரச ஆணைகள் எல்லை குறித்துள்ளன. டோரோவின் தனித்தன்மை எல்லையோடு சேர்ந்து வந்த கண்காணிப்பில் இருக்கிறது. தரம் பிரிப்பது, விலை விதிப்பது, கலப்படத்துக்குத் தண்டிப்பது என எல்லாவற்றையும் ஒரே அமைப்பு கையில் வைத்திருந்தது.

அந்த அமைப்பை மெச்சி மட்டும் விட்டுவிடக் கூடாது. 1757 பிப்ரவரியில் போர்ட்டோ நகரத்து மதுக்கடைக்காரர்களும் ஏழைகளும் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துக் கிளர்ந்தபோது அரசு அதைக் கொடூரமாக ஒடுக்கியது, பலர் தூக்கிலிடப்பட்டார்கள். எல்லைக்கு வெளியே விழுந்த சிறு தோட்டக்காரர்களின் ஒயின் உள்ளூர்ச் சரக்காகத் தாழ்ந்தது. எல்லைக்கோடு யாருக்கோ வேலியாகவும் யாருக்கோ தடையாகவும் இருந்திருக்கிறது. புவிசார் குறியீட்டைப் பற்றி நாம் பேசும்போதும் இது மறக்கத் தகாதது.

இன்னொரு செய்தி நம் வாதத்துக்கு மிக முக்கியம். இன்று போர்ட் ஒயின் என்றால் இனிப்பானது, சுமார் 20 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. பழச்சாறு பாதி நொதித்து வரும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துவதால் சர்க்கரை தங்கிவிடுகிறது. ஆனால் 1756இல் எல்லை வகுத்தபோது இந்த முறை நிலைபெற்றிருக்கவில்லை. சாராயம் கலப்பது கலப்படமே என்று ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் என்ற ஆங்கிலேய வணிகர் 1844இலும் வாதாடிக்கொண்டிருந்தார். டோரோ ஆற்றின் வரைபடங்களைத் தீட்டிய அவர் 1861இல் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் எதிர்த்த முறைதான் வென்றது. ஆகவே, டோரோவில் எல்லை முதலில் வந்தது. இன்று நாம் பழமை என்று போற்றும் சுவை அதற்குப் பிறகு படிந்தது.

3. பழமை என்ற வாதம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழமைதான் முதல் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆண்டாள் பிறந்த ஊர், ஆயர்பாடியைப் பாடியவள், பாலும் நெய்யும் மணக்கும் ஊர், ஆகவே பால்கோவாவும் ஆண்டாள் காலத்துப் பண்டம் என்று ஒரு நினைப்பு. திருப்பாவையில் பாலும் நெய்யும் சோறும் வருவது உண்மை. நாச்சியார் திருமொழியில் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதும், அந்த நேர்த்தியை இராமானுஜர் நிறைவேற்றியதாக வைணவ மரபு சொல்வதும் எல்லாரும் அறிந்தவை. ஆனால் அக்காரவடிசில் அரிசியும் வெல்லமும் சேர்ந்த பிரசாதம். அதிலிருந்து பால்கோவாவுக்கு நேர்வழி கிடையாது.

பால்கோவாவுக்கு நெருங்கிய உறவு திரட்டுப்பால். கல்யாணச் சீர்வரிசையில் வைக்கப்படும், வீட்டு அடுப்பில் பெண்கள் கிண்டும் பண்டம் அது. வீட்டுப் பண்டம் கடைச் சரக்காக மாறச் சில வசதிகள் தேவைப்பட்டிருக்கும். மலிவான வெள்ளைச் சர்க்கரை வேண்டும். 1932இன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் ஆலைச் சர்க்கரை பரவலானது. வாங்கிப் போக வெளியூர்க்காரர்கள் வேண்டும். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல் ஓடத் தொடங்கியது. வட இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மிட்டாய்க்கடைகள் இந்தத் தொழிலுக்கு அடியெடுத்துக் கொடுத்ததாக ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையும் இதே காலத்தைத்தான் சுட்டுகிறது. சான்றுகள் சுற்றுச்சான்றுகளே என்றாலும் ஒரே திசையில் நிற்கின்றன: கடைப்பண்டமாகிய பால்கோவாவுக்கு நூறாண்டுக்குக் குறைந்த வயதுதான்.

அந்த வயது அதற்கு ஒரு குறையே அல்ல. இன்றைய இனிப்பான போர்ட் ஒயினும் அதன் எல்லைக்கற்களைவிட இளையதுதான். ஆண்டாளின் பெயரால் பால்கோவாவுக்கு ஆயிரம் ஆண்டு கூட்டிச் சொல்வதால் பால்கோவா உயர்வதில்லை. அதை உண்மையில் உருவாக்கிய பால்காரர்களும் அடுப்படித் தொழிலாளிகளும்தான் அந்தக் கதையில் காணாமல் போகிறார்கள்.

கோயிலுக்கு இதில் பங்கு உண்டு, வேறு வழியில். ஆடிப்பூரத் தேருக்கும் மார்கழிக்கும் வரும் கூட்டம், சதுரகிரிக்கு அமாவாசை தோறும் போகும் கூட்டம், கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுச் செல்லும் கூட்டம், ஆனி ஆடியில் குற்றாலச் சீசனுக்குப் போகும் கூட்டம். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை இந்தக் கூட்டங்களை ஆண்டு முழுக்க ஊருக்குள் கொண்டுவருகிறது. போர்ட் ஒயினுக்கு ஆறும் துறைமுகமும் எப்படியோ பால்கோவாவுக்கு இந்தச் சாலை அப்படி.

4. மண்ணும் தீவனமும்

அடுத்த வாதம் மண்ணைச் சார்ந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்து மேய்ச்சலும் தண்ணீரும்தான் இந்தப் பாலின் சுவைக்குக் காரணம் என்கிறார்கள். செண்பகத்தோப்பிலிருந்து வத்திராயிருப்புவரை மலையடிவாரம் பச்சையாக இருப்பது கண்கூடு. ஆனால் அந்த மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. சாம்பல்நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்தது. கறவைமாடு அங்கே மேய்ந்து மூலிகை தின்று பால் கொடுக்கிறது என்ற சித்திரம் இன்றைய நிலைமைக்குப் பொருந்தாது. இன்று பால் கூட்டுறவு சொசைட்டிக்கு வரும் பாலில் கணிசமான பங்கு கலப்பின மாடுகளின் பால். தொழுவத்தில் கட்டிப்போட்டு வைக்கோலும் சோளத்தட்டையும் பிண்ணாக்கும் கலப்புத் தீவனமும் கொடுத்துக் கறப்பது.

இருந்தாலும் தீவன வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதை மலையில் தேடாமல் கரிசலில் தேட வேண்டும் என்பது என் கருத்து. இந்த வட்டாரம் பருத்தி வட்டாரம். இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் நூற்பாலை தொடங்கினார். சத்திரப்பட்டியில் இன்றும் மருத்துவத் துணி நெய்கிறார்கள். பருத்தி அரைத்த இடத்தில் பருத்திக்கொட்டை மிஞ்சும். அதை ஊறவைத்து ஆட்டிப் பாலாக்கி மாட்டுக்கு வைப்பது தென்மாவட்டங்களில் பழைய வழக்கம். பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் பாலில் கொழுப்பு கூடும் என்பது மாடு வைத்திருப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் ஒத்துக்கொள்ளும் செய்தி. கொழுப்பு கூடினால் கோவாவின் வழவழப்பு கூடும். நூல் ஆலையும் இனிப்புக் கடையும் ஒரே பயிரின் இரு முனைகளில் இருந்திருக்கக்கூடும். இதை முறையாக ஆய்ந்து பார்ப்பது கால்நடை அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வுப்பொருளாகும். அது நடக்கும்வரை ஓர் ஊகமாகவே இருக்கட்டும்.

இராஜபாளையத்தின் பெயர் இன்னொரு வகையிலும் இந்தக் கேள்விக்கு உதவும். இராஜபாளையம் நாய் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. அந்த நாயைச் சென்னையிலோ கோவையிலோ வளர்த்தாலும் அது இராஜபாளையம் நாய்தான். இரத்தத்தில் பெயர் போகிறது. மலையடிவாரத் தோப்புகளின் சப்பட்டை மாம்பழம் அப்படியல்ல. ஒட்டுக்கன்றை வேறு மண்ணில் நட்டால் அதே சுவை வராது என்று தோப்புக்காரர்கள் சொல்வார்கள். பால்கோவா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் இரத்தமும் இல்லை, வேரும் இல்லை. பால் வண்டியில் ஏறி வருகிறது, கோவா கிண்டும் மாஸ்டர் பஸ்ஸில் ஏறி வேறு ஊருக்குப் போகலாம். ஆகவே பால்கோவாவின் ஊர்ப்பெயருக்குத்தான் வெளியிலிருந்து போடப்படும் வேலி அதிகம் தேவைப்படுகிறது.

5. சட்டியின் கணக்கு

கைப்பக்குவம் என்ற மூன்றாவது வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்; உண்மையான சரக்கு இங்கேதான் இருக்கிறது.

விறகடுப்பின் மேல் அகன்ற சட்டி. ஓர் ஈட்டுக்குப் பத்து லிட்டர் பசும்பால். தீ முதலில் எகிற வேண்டும். பால் பொங்கி விளிம்புக்கு வரும்போது மாஸ்டர் நீண்ட கைப்பிடிக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருப்பார். ஓரத்தில் படியும் ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளுவார். பால் சுண்டி, நிறம் வெள்ளையிலிருந்து சந்தனத்துக்கு மாறும் நேரத்தில் தீயைத் தணிக்க வேண்டும். விறகைப் பின்னால் இழுப்பதுதான் தணிக்கும் முறை. திருகும் குமிழ் கிடையாது. ஓர் இமைப்பொழுது கை நின்றால் அடிபிடித்துவிடும். அந்தத் தீய்ந்த வாடை ஈடு முழுக்கப் பரவும். கடைசியில் கரண்டியிலிருந்து சட்டென்று விழாமல் தயங்கி விழும் பதம். அதைக் கண்ணாலும் கரண்டியின் கனத்தாலும் அறிகிறார்கள். அடுப்புக்கு முன் நாளெல்லாம் நிற்பவர்களின் உழைப்பு கடும் உழைப்பு. வெக்கையில் உடம்பு வற்றிப் போகும். இந்தப் பண்டத்தைப் பற்றிய எழுத்துகளில் அவர்களுக்கு இரண்டு வரிகூட ஒதுக்கப்படாதது எனக்கு வருத்தம் தருகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் பால்சர்க்கரையும் உப்புகளும் சேர்ந்து எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். பத்து லிட்டரில் அது ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. மரபான அளவில் இதற்குச் சேர்க்கும் சர்க்கரையும் ஒன்றேகால் கிலோதான். மீதமிருக்கும் ஈரத்தோடு சேர்த்து மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கோவா இறங்கும். அதாவது நல்ல பால்கோவாவில் பாலின் திடப்பொருளும் சர்க்கரையும் சரிபாதி. சர்க்கரையை இரண்டு கிலோவாக்கினால், பாலைக் கூட்டாமலே முக்கால் கிலோ பண்டம் கூடுதலாக இறங்கிவிடும். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்கும் சரக்கில், அந்த முக்கால் கிலோவுக்கு ஆன செலவு வெறும் சர்க்கரையின் விலை. தாவரக் கொழுப்பும் மாவும் சேர்ப்பதைக் கலப்படம் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி பிடித்துவிடலாம். சர்க்கரையைக் கூட்டுவதை அப்படிப் பிடிப்பது கடினம், அதுவும் பால்கோவாவில் இருக்க வேண்டிய பொருள்தானே.

டோரோவில் எல்டர் பழம் செய்ததை இங்கே சர்க்கரை செய்கிறது. தென்மாவட்டப் பேருந்து நிலையங்கள் பலவற்றில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று அச்சிட்ட பொட்டலங்களை வாங்கித் தின்றவர்களுக்கு வித்தியாசம் நாக்கில் தெரிந்திருக்கும்: பால் மணம் முன்னால் வராது, தித்திப்பு முன்னால் வரும், வாயில் மணல்போல் நெருநெருக்கும். பெயருக்கு வரும் கேடு வெளியூர்ப் போலிகளால் மட்டும் அன்று. எல்லைக்கு உள்ளேயே அளவு தளர்ந்தாலும் அதே கேடுதான்.

6. சட்டத்தின் இரண்டு வேலிகள்

இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவானது டார்ஜீலிங் தேயிலை. சட்டத்தின் கட்டமைப்பில் இரண்டு அடுக்குகள் உள்ளன. பெயரைப் பதிவு செய்யும் சங்கமோ அமைப்போ உரிமையாளர். அந்தப் பெயரைப் போட்டு விற்க விரும்பும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும். செய்தித்தாள்கள் கொண்டாடுவது முதல் அடுக்கை. வேலை நடப்பது இரண்டாம் அடுக்கில். ஒரு கடைக்காரர் பயனராகப் பதிந்துகொள்ளாமலே ஊர்ப்பெயரில் தொடர்ந்து விற்க முடிந்தால், பதிவு சுவரில் மாட்டிய சான்றிதழாகவே நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உலக அளவில் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடு 22, 23 என்ற இரண்டு பிரிவுகளில் புவிசார் பெயர்களைக் காக்கிறது. 22ஆம் பிரிவு எல்லாப் பொருள்களுக்கும் உரியது. பொதுமக்கள் ஏமாறுகிறார்கள் என்று காட்டினால்தான் தடுக்க முடியும். 23ஆம் பிரிவு ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும். அங்கே யாரும் ஏமாற வேண்டியதே இல்லை. உண்மையான ஊரைச் சொல்லிவிட்டு, ‘போர்ட்டோ பாணி’ என்று எழுதினாலே குற்றம். அதே கணக்கில், வேறொரு நாட்டில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பாணிப் பால்கோவா’ என்று தயாரித்த இடத்தையும் அச்சிட்டு விற்றால் 22ஆம் பிரிவைக் கொண்டு அதைத் தடுப்பது கடினம்.

ஒயினுக்கு உயர்ந்த வேலி, மற்றவற்றுக்குத் தாழ்ந்த வேலி என்ற பாகுபாடு பொருள்களின் தன்மையிலிருந்து வந்ததல்ல. பேச்சுவார்த்தை மேசையில் ஐரோப்பாவின் பேரத்திலிருந்து வந்தது. இந்த உயர்ந்த பாதுகாப்பைப் பிற பொருள்களுக்கும் விரிக்க வேண்டும் என்று இந்தியா தோகா சுற்றுப் பேச்சில் பிற நாடுகளோடு சேர்ந்து வாதாடியது நியாயமானதே. ஆனால் நம் சட்டத்தின் 22ஆம் பிரிவே, எந்தப் பொருளுக்கு உயர்ந்த பாதுகாப்பு தேவை என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என இடம் தருகிறது. வெளிநாட்டில் கேட்பதை உள்நாட்டிலேயே தொடங்கி வைக்கலாம்.

7. மலைக்கு அப்பாலும் பனைக்கு அடியிலும்

ஒயினோடு ஒப்பிடுகிறவர் பால்கோவாவை ஏன் எடுக்க வேண்டும், இந்த வட்டாரத்துக்குக் குடிக்கும் பண்டம் இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தெரியும் மலையின் மறுபக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே பந்தலில் படரும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்த வகை என்பது பதிவின்போது சொல்லப்பட்ட வரலாறு. டோரோவில் குளிர்காலத்தில் கொடி உறங்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. அதனால்தான் ‘இந்த ஆண்டின் ஒயின்’ என்ற பேச்சே அங்கே பிறந்தது. கம்பத்தில் கொடிக்கு உறக்கம் இல்லை. கவாத்து செய்தால் அடுத்த நான்கு மாதத்தில் பழம் வரும். ஒரு தோட்டத்தில் கவாத்தும் பக்கத்துத் தோட்டத்தில் அறுவடையும் ஒரே நாளில் நடக்கும். ஆண்டு முழுக்கப் பழம் கிடைப்பது விவசாயிக்கு வரம். அது பெரும்பாலும் தின்னும் பழமாகவே சந்தைக்குப் போகிறது. ஒயினாக மாறும் சிறு பங்கு ஊர்ப்பெயரால் பேர்பெற்ற சுவையாக இன்னும் வளரவில்லை.

மலைக்கு இந்தப் பக்கத்து வறண்ட மண்ணின் பானம் பனை தருவது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பாளையின் சாறு நொதிக்காமல் பதநீராக இறங்கும், தடவாவிட்டால் கள். டோரோக்காரர் திராட்சைச் சாற்றில் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துகிறார், பனையேறி சுண்ணாம்பைத் தடவி நிறுத்துகிறார். இருவரும் காப்பாற்றுவது ஒரே பொருளை, சாற்றிலுள்ள சர்க்கரையை. எந்தத் தோப்பின் பதநீர் எந்த மாதத்தில் இனிக்கும், ஆண்பனைச் சாறும் பெண்பனைச் சாறும் எப்படி வேறுபடும் என்ற அறிவு பனையேறிகளிடம் நிறைய உண்டு.

அந்த அறிவு ஊர்ப்பெயர் தாங்கிய பானமாக வளர வழியில்லாமல் போனதற்கு மண் காரணமல்ல, சட்டமே காரணம். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். மலையைக் கடந்து கேரளத்துக்குள் இறங்கினால் கள்ளுக்கடை உரிமம் பெற்ற கடை. ஒரே மலையின் இருபுறமும் ஒரே பானத்துக்கு இரண்டு விதி. ஆலையில் வடித்த சாராயம் 2003 முதல் தமிழ்நாட்டில் அரசுக் கடையிலேயே விற்பனையாகும்போது, பனையேறியின் பண்டம் மட்டும் குற்றமாக இருப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். கள்ளை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு நிலத்தின் சுவை பெயர் பெறுவதையும் பெறாமல் போவதையும் அரசின் கைதான் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது. பொம்பால் நட்ட தூணும் 1987இன் தடையும் எதிரெதிர்த் திசையில் அதைக் காட்டுகின்றன.

8. எல்லைக்கல்லை எங்கே நடுவது

டோரோவில் 20ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு மாற்றம் நமக்கு நேரடியாக உதவக்கூடியது. 1940களில் மொரெய்ரா ட ஃபொன்செகா என்ற பொறியாளர், ஒவ்வொரு திராட்சைத் தோட்டத்துக்கும் மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். உயரம், சரிவு, மண், திசை, கொடியின் வயது, விளைச்சல் என்று பல கூறுகளைக் கணக்கிட்டுத் தோட்டங்கள் தர வரிசையில் வைக்கப்பட்டன. எந்தத் தோட்டக்காரர் எவ்வளவு சாற்றைப் போர்ட் ஒயினாக்கலாம் என்பது அந்தத் தரத்தைப் பொறுத்தது. அதன் ஒதுக்கீட்டைக் குறித்துச் சிறு தோட்டக்காரர்களுக்கு இன்றும் மனக்குறை உண்டு. ஆனாலும் ஒயினின் பெயரால் வரும் பணத்தில் ஒரு பங்கு பழம் விளைவித்தவர் கைக்குப் போக அந்த முறை வழி செய்தது. டோரோவின் எல்லைக்கல் தோட்டத்தில் நிற்கிறது, கடைவாசலில் நிற்கவில்லை.

நம்முடைய எல்லைக்கல் கடைவாசலில் நிற்கிறது. ஊர்ப்பெயரால் பால்கோவாவுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் மாடு வைத்திருப்பவருக்கு ஒதுக்கிய பங்கு எதுவும் இல்லை. காலையில் சொசைட்டியில் பால் ஊற்றும் பெண்ணுக்கு விலை நிர்ணயிப்பவை முக்கியமாக இரண்டு எண்கள்: கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு. அந்தப் பால் பால்கோவாச் சட்டிக்குப் போனாலும் பாக்கெட்டில் அடைபட்டு வெளியூர் போனாலும் அவருக்கு விலை ஒன்றுதான். பருத்திக்கொட்டை வைத்தாரா வெறும் கலப்புத் தீவனமா, மாடு நாட்டினமா கலப்பினமா என்பவை எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பொட்டலத்தின் மேல் பால் எத்தனை லிட்டர், சர்க்கரை எத்தனை கிராம் என்ற விகிதத்தை அச்சிடும்படி அங்கீகரிக்கப்பட்ட பயனர்களை நிபந்தனைக்கு உட்படுத்தலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். உரிமைபெற்ற சங்கம் நினைத்தால் போதும். சர்க்கரைக்கு மேல்வரம்பு விதித்து அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். சட்டிக்கு வரும் பாலுக்குத் தனி விலை வைத்து, அந்த விலைக்குத் தகுதியான தீவனத்தையும் இனத்தையும் வரையறுக்கலாம். பெயரைக் கேட்டு விண்ணப்பம் போட்டது பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம்தான் என்பதால் இதைச் செய்யும் இடத்தில் இருப்பவர்களும் அவர்களே. எந்த வீட்டு மாடு எத்தனை லிட்டர் ஊற்றியது என்ற பேரேடு சொசைட்டியில் நாள்தோறும் இருவேளையும் எழுதப்படுகிறது. அதில் தீவனத்துக்கும் மாட்டின் இனத்துக்கும் இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போட்டால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கான முதல் எல்லைக்கல் அங்கே நடப்பட்டிருக்கும்.